ரத்தம் கொடுக்கும் முன் பேச வேண்டியவை: வாசகர் கேள்விகள், மரபியல் ஆலோசகர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சோதனையைப் பற்றியவை. கர்ப்பிணியின் கையிலிருந்து எடுக்கும் சிறிதளவு ரத்தத்தைக் கொண்டே கருவின் குரோமோசோம் எண்ணிக்கையைக் கணிக்கும் அந்தச் சோதனையை ஆய்வகங்களில் 'நிப்ட்' என்று அழைக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எனக்கு 26 வயது. முதல் கர்ப்பம், இப்போது 14-ஆவது வாரம். டபுள் மார்க்கர் என்ற வழக்கமான ரத்தச் சோதனைக்குப் பதிலாக நிப்ட் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், எடுத்தோம். நேற்று இரவு என் கணவரின் வாட்ஸ்அப்புக்கு ரிப்போர்ட் வந்தது. 'டிரைசோமி 21: ஹை ரிஸ்க்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது, கீழே 'துல்லியம் 99 சதவீதத்துக்கு மேல்' என்றும் போட்டிருக்கிறார்கள். நாள் கடத்தாமல் கலைத்துவிடச் சொல்கிறார் மாமியார். 99 சதவீதம் என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை அல்லவா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: இடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. இந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

அந்த 99 உங்கள் குழந்தையைப் பற்றிய எண் அன்று, சோதனையைப் பற்றிய எண். டவுன் சிண்ட்ரோம் (21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது; ரிப்போர்ட் சொல்லும் 'டிரைசோமி 21' இதுதான்) உள்ள நூறு கருக்களைச் சோதித்தால் 99-ஐ இது தவறவிடாமல் பிடித்துவிடும் என்பதுதான் அதன் பொருள். 'ஹை ரிஸ்க்' என்று வந்த நூறு பேரில் எத்தனை பேருக்கு அது உண்மை என்பது வேறு கேள்வி; அதற்கான விடை தாயின் வயதைப் பொறுத்து மாறும். உங்கள் வயதுள்ள பத்தாயிரம் கர்ப்பிணிகளை எடுத்துக்கொள்வோம். மூன்றாம் மாத அளவில் அவர்களில் ஏறத்தாழ 10 பேரின் கருவில் டவுன் சிண்ட்ரோம் இருக்கும். சோதனை அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது என்றே வையுங்கள். மீதமுள்ள 9,990 பேரில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாக 'ஹை ரிஸ்க்' வந்தால், அது இன்னொரு 10 பேர். ஆக, சிவப்பு எழுத்தைப் பார்த்து உறக்கம் தொலைத்த இருபது பேரில் பத்துப் பேரின் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோமே இல்லை. நல்ல ஆய்வகங்களில் தவறு இதைவிடக் குறைவாக இருப்பதால், உங்கள் விஷயத்தில் முடிவு உண்மையாக இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேலேயே இருக்கலாம். பொய் நம்பிக்கை தர எனக்கு விருப்பமில்லை. ஆனால் இதே கணக்கை 40 வயதுப் பெண்களுக்குப் போட்டால், பத்தாயிரத்தில் சுமார் 147 பேருக்கு உண்மையாகவே இருக்கும், தவறாக வருவது அதே பத்துப் பேருக்குத்தான். ஒரே சோதனை, ஒரே 99. இரண்டு பெண்களுக்கு இரண்டு பொருள். வயதை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டாமல் ரிப்போர்ட்டை மட்டும் இரவில் அனுப்பி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தவறு ஏன் வருகிறது என்றால், சோதனை நேரடியாகக் குழந்தையைப் பார்ப்பதில்லை. தாயின் ரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நச்சுக்கொடியின் செல்கள் சிதைந்து வருபவை, மற்றவை தாயினுடையவை. நச்சுக்கொடியும் குழந்தையும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவையென்றாலும், சில சமயம் குரோமோசோம் மாறுதல் நச்சுக்கொடியோடு நின்றுவிடுகிறது. இரட்டைக் கருவாகத் தொடங்கி ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோயிருந்தாலும் இப்படி வரலாம்.

உறுதி செய்வதற்குப் பனிக்குட நீர் சோதனை இருக்கிறது. பொதுவாக 16-ஆவது வாரத்தில், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, மெல்லிய ஊசியால் கொஞ்சம் நீரை எடுப்பார்கள். இதனால் கருச்சிதைவு ஏற்படும் அபாயம் 200-க்கு ஒன்று என்று பழைய புத்தகங்களில் இருக்கும்; சமீபத்திய ஆய்வுகள் 300 முதல் 1,000 வரைக்கு ஒன்று என்கின்றன. முதற்கட்ட முடிவு சில நாள்களிலும் முழுக் குரோமோசோம் படம் இரண்டு மூன்று வாரங்களிலும் கிடைக்கும். 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, கருவில் கடுமையான குறை இருக்கும் நிலையில் இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரை முடிவெடுக்கலாம்; அதற்குப் பிறகும் மருத்துவக் குழுவின் முன் வழி உண்டு. எனவே உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. சட்டம் கேட்பது உங்கள் சம்மதத்தை மட்டுமே. கணவரின் கையெழுத்தோ மாமியாரின் கையெழுத்தோ தேவையில்லை. ஆனாலும் ஆலோசனைக்கு வரும்போது மாமியாரையும் அழைத்து வாருங்கள். அவருடைய அவசரத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பயம்தான். அந்தப் பத்தாயிரம் பேர் கணக்கை அவரும் ஒருமுறை கேட்கட்டும்.

கேள்வி: நிப்ட் எடுக்கப் போன இடத்தில், கூடுதல் பணம் கட்டினால் நுண்ணிய குரோமோசோம் இழப்புகளையும் சேர்த்து 'எல்லாவற்றையும்' பார்த்துவிடலாம் என்றார்கள். என் மனைவிக்கு எந்தக் குறையும் விட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிறேன். பெரிய பேக்கேஜையே எடுக்கலாமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: 'எல்லாம்' என்று எந்தச் சோதனையும் இல்லை. நிப்ட் உறுதியாகத் தேர்ச்சி பெற்றிருப்பது 21, 18, 13 ஆகிய மூன்று குரோமோசோம்களின் கூடுதல் பிரதிகளைக் கண்டுபிடிப்பதில்தான். அதிலும் 21-இல் முதல் வகுப்பு, 13-இல் சற்றுக் குறைவு. நுண்ணிய இழப்புகளோ மிக அரிதானவை. அவற்றுள் அதிகம் காணப்படும் 22-ஆம் குரோமோசோமின் சிறு துண்டு இழப்பே சில ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில்தான் வருகிறது. மற்றவை அதைவிடவும் அரிது. முந்தைய பதிலில் போட்ட கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: நோய் எவ்வளவு அரிதோ, 'ஹை ரிஸ்க்' என்று வருவதில் பொய் எச்சரிக்கையின் பங்கு அவ்வளவு பெரிதாகிவிடும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2022 ஏப்ரலில் இதைப் பற்றிப் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. நிப்ட் போன்ற ஸ்கிரீனிங் (வடிகட்டும்) சோதனையின் முடிவை மட்டும் நம்பிக் கர்ப்பத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம் என்பது அதன் சாரம்.

பெரிய பேக்கேஜுக்கு ஆகும் பணத்தை 11 முதல் 13 வாரத்துக்குள் கருவின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளக்கும் ஒரு நல்ல என்.டி. ஸ்கேனுக்கும், 18 முதல் 20 வாரத்தில் கருவின் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கவனமாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேனுக்கும் ஒதுக்குவது என் பார்வையில் மேல். இதயத்தின் அறைகள், முதுகுத்தண்டு, பிளவுபட்ட உதடு இவற்றையெல்லாம் நிப்ட் பார்ப்பதே இல்லை. 'நிப்ட் நார்மல், அதனால் ஸ்கேனைத் தள்ளிப் போட்டோம்' என்று வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிக வருத்தம்.

கேள்வி: நான் என் தாய்மாமனையே மணந்தேன். எங்கள் முதல் குழந்தை கை கால் துவண்டு, தலை நிற்காமல், எட்டாவது மாதத்தில் மூச்சுத்திணறி இறந்தது. தசை நலிவு நோயாக இருக்கலாம், எஸ்.எம்.ஏ. என்று பெயர் என்றார்கள். ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. இப்போது 11-ஆவது வாரம். நிப்டில் 'லோ ரிஸ்க்' என்று வந்திருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா? (ஒரு வாசகி, தருமபுரி)

பதில்: இல்லை அம்மா. இதழ் வெளிவரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு இந்தப் பதிலைத் தனியாகவும் அனுப்பியிருக்கிறோம். உங்கள் அச்சத்துக்கும் இந்த 'லோ ரிஸ்க்'குக்கும் தொடர்பே இல்லை.

பந்தியில் எத்தனை இலை போட்டிருக்கிறது என்று எண்ணுவதுதான் நிப்ட். எந்த இலையில் உப்பு வைக்க மறந்தார்கள் என்பதை அது பார்ப்பதில்லை. எஸ்.எம்.ஏ. என்பது குரோமோசோம் எண்ணிக்கையில் வரும் குறை அன்று. ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு மரபணுவின் குறை. அந்த மரபணு நம் ஒவ்வொருவரிடமும் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று பழுதானவர் நோயில்லாமலேயே வாழ்ந்து முடிப்பார். தாய், தந்தை இருவரிடமும் ஒவ்வொரு பிரதி பழுதாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் குழந்தைக்கு நோய் வரும். தாய்மாமனும் மருமகளும் தங்கள் மரபணுக்களில் கால் பங்கைப் பகிர்ந்துகொள்பவர்கள் என்பதால், உங்களுக்குப் பாட்டியும் அவருக்குத் தாயுமான ஒருவரிடமிருந்து ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்க வழியுண்டு. இதில் யாருடைய குற்றமும் இல்லை. அத்தை மகனையும் மாமன் மகளையும் மணந்து நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் நம் தெருக்களிலேயே நிறைந்திருக்கிறார்கள்.

நீங்களும் கணவரும் ரத்தம் கொடுத்து அந்த மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்.எம்.ஏ. நோயாளிகளில் 95 சதவீதம் பேரிடம் இருப்பது ஒரே வகைப் பழுது என்பதால், இறந்த குழந்தையின் மாதிரி இல்லாவிட்டாலும் இந்தச் சோதனையால் பெரும்பாலும் விடை கிடைக்கும். இருவருமே பழுதைச் சுமப்பவர்கள் என்று தெரிந்தால், நச்சுக்கொடியின் சிறு திசுவை எடுத்துப் பார்க்கும் சோதனையை 11 முதல் 14 வாரத்துக்குள் செய்யலாம். அது தவறினால் 16-ஆவது வாரத்தில் பனிக்குட நீர் இருக்கிறது.

ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உங்களிடம் நிப்டுக்கு ரத்தம் எடுத்தவர் முதல் குழந்தையைப் பற்றி ஏதாவது கேட்டாரா? எங்கள் வேலை ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலுமாகத்தான் தொடங்கும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவர்மீது சாய்வாக ஒரு கோடு, உறவுக்குள் திருமணம் என்றால் நடுவில் இரட்டைக் கோடு. மூன்று தலைமுறையை வரைந்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். அந்த இருபது நிமிடம் கிடைத்திருந்தால், நிப்டைவிட முன்னதாக எடுக்க வேண்டிய சோதனை எது என்று அந்தத் தாளே சொல்லியிருக்கும்.

கேள்வி: இரண்டு முறை ரத்தம் கொடுத்தும் 'முடிவு கிடைக்கவில்லை' என்றே வருகிறது. மறுபடி கொடுக்கலாமா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: உங்கள் ரத்தத்தில் நச்சுக்கொடியின் டி.என்.ஏ. போதிய அளவு கலந்திருக்கவில்லை என்று பொருள்; பல ஆய்வகங்கள் குறைந்தது 4 சதவீதமாவது வேண்டும் என்று வைத்திருக்கின்றன. பத்து வாரத்துக்கு முன்பே எடுத்தாலும், தாயின் உடல் எடை அதிகமாக இருந்தாலும் இப்படி ஆகும். ஆனால் இரண்டாம் முறையும் வராதபோது அதை வெறும் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். 18, 13-ஆம் குரோமோசோம் குறைகள் உள்ள கர்ப்பங்களில் நச்சுக்கொடி சிறுத்து இந்த அளவு குறைவதுண்டு. மூன்றாம் முறை கொடுப்பதைவிட, விரிவான ஸ்கேன் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: நான் மரபியல் முதுகலை மாணவி. ரத்தம் எடுத்தால் இயந்திரமே விடை தந்துவிடும் காலத்தில் மரபியல் ஆலோசகர் என்ற வேலைக்கு எதிர்காலம் உண்டா என்று வீட்டில் கேட்கிறார்கள். (ஒரு வாசகி, மதுரை)

பதில்: வேலை குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. எங்கிருந்து எங்கே என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

'மரபியல் ஆலோசனை' என்ற பெயரை 1947-இல் உருவாக்கியவர் ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்க மரபியலாளர். குடும்பத்தில் ஒரு நோய் இருக்கிறது, அடுத்த குழந்தைக்கு வருமா என்று கேட்டு வருபவர்களுக்கு விளக்கம் சொல்வதுதான் அன்று வேலை. இதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு 1969-இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. பனிக்குட நீர் சோதனை பரவிய பிறகு, 35 வயதைத் தாண்டிய கர்ப்பிணிகள் எங்களிடம் வந்தார்கள். ஊசி போடலாமா வேண்டாமா என்பதே கேள்வி. ஊசியில் அபாயம் இருந்ததால் யாரும் யோசிக்காமல் கை நீட்டியதில்லை. அந்த அபாயமே எங்களுக்கு ஒரு மணி நேரம் பேச வாய்ப்புத் தந்தது.

தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதப்பதை டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் 1997-இல் வெளியிட்டார்கள். 2011-இல் சோதனை சந்தைக்கு வந்தது. 2020-இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி, வயது வேறுபாடின்றி எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இதைப் பற்றிச் சொல்லி, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும் என்றது. அபாயம் போயிற்று, அதோடு அந்த ஒரு மணி நேரமும் போயிற்று. ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றுக்கு எடுக்கும் ரத்தத்தோடு இன்னொரு குழாய். முன்பு என் அறைக்கு வந்தவர்கள் கேள்வியோடு வந்தார்கள். இன்று வாசலில் நிற்பவர் கையில் கைப்பேசி இருக்கிறது. சிவப்பு எழுத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, உட்காருவதற்கு முன்பே என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். விளக்கம் முன்னால் வர வேண்டியது, பின்னால் வருகிறது. அழுகையின் நடுவே சதவீதக் கணக்குச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைப் படிப்பில் யாரும் உங்களுக்குச் சொல்லித் தரப்போவதில்லை.

சோதனை விரிய விரிய, யாரும் கேட்காத விடைகளும் வருகின்றன. பல குரோமோசோம்கள் ஒரே நேரத்தில் தாறுமாறாகத் தெரிந்தால், காரணம் கருவில் இல்லாமல் தாயின் உடலில் மறைந்திருக்கும் புற்றுநோயாக இருக்கலாம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் இப்படிப்பட்ட முடிவு வந்த 107 பெண்களை முழுமையாகப் பரிசோதித்தபோது 52 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. 2024 டிசம்பரில் அந்த ஆய்வு வெளியானது. குழந்தையைப் பற்றி அறிய ரத்தம் கொடுத்த பெண்ணிடம் இதை யார், எப்படிச் சொல்வது? இயந்திரம் சொல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. என்ன முடிவெடுக்க வேண்டும் என்று ஆலோசகர் தன் வாயால் சொல்லக் கூடாது என்பது இத்துறையின் பழைய விதி. நம் ஊரிலோ, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், 'உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா என்ன செய்வீங்க?' என்று கேட்பார்கள். விதியைக் காட்டி நழுவினால் அது கைவிட்டதாகத்தான் படும். என் வீட்டுப் பெண்ணிடம் என்ன கேட்பேனோ அதை அவர்களிடம் கேட்கிறேன்: முடிவு மோசமாக வந்தால் என்ன செய்வதாக இருக்கிறாய், எதுவும் செய்வதாக இல்லையென்றால் தெரிந்துகொள்வதில் உனக்கு ஆறுதலா, பாரமா? இந்தக் கேள்வியை ரத்தம் எடுக்கும் முன்பே கேட்க ஆள் வேண்டும். நம் நாட்டில் அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு. வீட்டில் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நிப்டில் ஆணா பெண்ணா என்பதும் தெரியுமாமே? வெளிநாட்டில் இருக்கும் என் நாத்தனாருக்குச் சொன்னார்கள். இங்கே ஏன் மறைக்கிறார்கள்? (ஒரு வாசகி, நாமக்கல்)

பதில்: தெரியும். சொல்லக் கூடாது. 1994-ஆம் ஆண்டின் சட்டப்படி வார்த்தையாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ சொல்வது குற்றம். அதற்காகச் சோதனையை நாடுபவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண் என்று தெரிந்து கருவிலேயே அழிப்பதைத் தடுக்க வந்த சட்டம் இது; அது ஏன் தேவைப்பட்டது என்பதை உங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதே சட்டத்தில் யாரும் பேசாத ஒரு பிரிவும் இருக்கிறது: கருவில் சோதனை செய்வதற்கு முன் பக்க விளைவுகளை விளக்கி, அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் எழுத்துச் சம்மதம் பெற்று, அதன் பிரதியையும் அவர் கையில் கொடுக்க வேண்டும். ஆங்கிலத் தாளில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னால், தமிழில் கேளுங்கள்.

கேள்வி: என் மூத்த மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், ஆறு வயது. பள்ளிக்குப் போகிறான், பாட்டு என்றால் உயிர். இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறேன். 'இந்த முறையாவது டெஸ்ட் எடு' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போது, அவன் பிறந்ததே தப்பு என்று என் மகனிடம் சொல்வதுபோல் இருக்கிறது. எடுக்காமல் இருப்பது தவறா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தவறு இல்லை. இது விருப்பச் சோதனை. 'வேண்டாம்' என்பதும் முழுமையான விடை. விளக்கம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து போனவர்களையும் என் பதிவேட்டில் நல்லபடியாக முடிந்த ஆலோசனை என்றே குறித்திருக்கிறேன்.

ஆனால் சோதனை எடுப்பது கலைப்பதற்காக மட்டும் அன்று என்பதையும் சேர்த்து யோசியுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். முன்பே தெரிந்தால், குழந்தைகள் இதய மருத்துவர் இருக்கும் ஊரில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். மரபணுச் சோதனையே வேண்டாமென்றால் அனாமலி ஸ்கேனோடு கருவின் இதயத்துக்கு ஒரு எக்கோ எடுத்துக்கொண்டாலும் இந்தப் பயன் கிடைக்கும்.

அதற்கு முன்னால் ஒரு காரியம். மகனுக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்திருப்பார்கள்; 'காரியோடைப்' என்று தலைப்பிட்ட அந்தத் தாளைத் தேடி எடுங்கள். அதில் 21-ஆம் குரோமோசோம் தனியாக மூன்று இருந்தால், மீண்டும் வரும் வாய்ப்பு பொதுவாக நூற்றில் ஒன்று, அல்லது உங்கள் வயதுக்குரிய அளவு. பெரும்பாலான குழந்தைகள் இந்த வகைதான். நூற்றில் மூன்று நான்கு பேரிடம் மட்டும் அந்தக் கூடுதல் 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியானால் நீங்கள் அல்லது உங்கள் கணவர் அந்த ஒட்டலை நோயில்லாமல் சுமந்துகொண்டிருக்கலாம், வாய்ப்புக் கணக்கே மாறிவிடும். இந்த வேறுபாட்டை நிப்ட் காட்டாது, அந்தப் பழைய தாள்தான் காட்டும். தாள் தொலைந்திருந்தால் மகனிடமிருந்து இரண்டு மில்லி ரத்தம் போதும். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். ஆலோசனைக்கு வரும்போது அவனையும் அழைத்து வாருங்கள்.